துருத்தியின் வம்சம்

மேல்நாட்டுச் சங்கீதத்தில் 'கன்சர்ட்டோ' என்று ஓர் உருப்படி உண்டு. ஒற்றை வாத்தியம் முன்னால் நின்று பேசும். பின்னாலிருக்கும் பெரிய வாத்திய கோஷ்டி ஆமாம் போடும், சில சமயம் சண்டைக்கும் வரும். 1730-களில் லண்டனில் ஹாண்டல் தாமே ஆர்கன் வாசித்து, அந்த வாத்தியத்துக்கும் இந்த ராஜ மரியாதையை வாங்கிக் கொடுத்தார். அது இன்னும் போகவில்லை. பின்லாந்துக்காரரான எஸா-பெக்கா சலோனன் ஆர்கனுக்கும் கோஷ்டிக்குமாக எழுதிய உருப்படி 2023-இல்தான் போலந்தில் அரங்கேறியது.

நம் சென்னையில் ஆர்கன் மாதா கோயில்களைத் தாண்டி வரவில்லை. சுவர் உயரக் குழாய்களை யார் தூக்கிக்கொண்டு அலைவது? ஊருக்குள் வந்தது அதன் ஏழைச் சொந்தம், ஹார்மோனியம். 1840-களில் பாரிஸில் டெபேன் செய்தது. குழாய் இல்லை, பித்தளை நாக்குகள்தாம். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைக் கைத்துருத்திப் பெட்டியாக்கித் தரையில் உட்கார வைத்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா! கிட்டப்பா மேடையில் பாட, சகோதரர் காசி ஐயர் ஹார்மோனியம் வாசிக்க, கொட்டகைகள் நிரம்பி வழிந்தன.

வித்வான்களுக்கு அது பிடிக்கவில்லை. தோடியின் காந்தாரம் ஊஞ்சலாட வேண்டும். கட்டையை அழுத்தினால் அது ஆணியடித்தாற்போல நிற்கும். நியாயமான குறைதான். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குக் கதவடைத்தது. தாகூருக்கும் அதில் திருப்திதான். 1971-இல்தான் தடை கொஞ்சம் தளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அத்தனை காலமும் மயிலாப்பூர் சபாக்களில் பாடகரின் முதுகுக்குப் பின்னால் சுருதிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதே துருத்தி, அதே பித்தளை நாக்கு! வாயைத் திறந்து பேசக் கூடாது, முனகலாம் என்று ஏற்பாடு. மாமியார் வீட்டு மருமகள் நிலைமை.

ஆனால் நிலையாக நிற்கும் சுரங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நாலைந்தை ஒரே சமயத்தில் பேச வைக்கலாம். ஒன்று ஏற, ஒன்று இறங்க, கலகம் இல்லாமல் ஊர்வலம் போகும். மேல்நாட்டாரின் கோஷ்டி சங்கீதமே இந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்பது. மயிலாப்பூரில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார். லஸ் பக்கம் ஒரு லாட்ஜ் அறையில் குடியிருந்த தன்ராஜ் மாஸ்டர். கச்சேரிக் காதுகள் நிறைந்த பேட்டையில், பாக்கையும் மோஸார்ட்டையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் பாவலர் வரதராஜனின் மேடைகளில் ஹார்மோனியம் வாசித்துப் பழகிய பண்ணைப்புரத்து இளைஞர், 1960-களின் கடைசியில் பட்டணம் வந்து இவரிடம் சேர்ந்தார். அவர்தான் இளையராஜா.

2025 மார்ச் 8 அன்று லண்டனில், ராயல் பில்ஹார்மானிக் கோஷ்டியார் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தார்கள். வானொலி வாசலில் தடுத்து நிறுத்திய பெட்டியில் விரல் பழகியவர், ஹாண்டல் ஆர்கன் வாசித்த ஊருக்கே தம் ஏட்டைக் கொண்டு போனார். எனக்கு இன்னும் ஓர் ஆசை மிச்சமிருக்கிறது. ஹார்மோனியத்தை முன்னால் நிறுத்தி, பெரிய கோஷ்டியைப் பின்னால் வைத்து ஒரு கன்சர்ட்டோ. அதுவும் லண்டனில் வேண்டாம், மயிலாப்பூரிலேயே. முதல் வரிசையில் ஹார்மோனியம் பிடிக்காதவர்களை உட்கார வைக்க வேண்டும்.