ஆதி கங்கைக் கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்ற மாசியில் ஒரு ஞாயிறு காலை, நானும் என் சகதர்மிணியும் பிள்ளை, மாட்டுப்பெண், ஏழாவது படிக்கும் பேத்தி சகிதம் லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே கிளம்பினோம். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் பேட்டையின் சரித்திரம்' என்று ப்ராஜெக்ட். காளிகாட்டில் தரிசனத்தை முடித்துக்கொண்டு கோவிலுக்குப் பின்னால் உள்ள படித்துறையில் போய் நின்றோம். கறுப்பாகத் தேங்கிய தண்ணீர். மூக்கைப் பொத்திக்கொண்டவள், "தாத்தா, இது ஆறா, சாக்கடையா? மேப்புல டாலீஸ் நல்லான்னு போட்டிருக்கே" என்றாள்.

கல்கத்தாவை அறியாத வெளியூர் வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். ஒரு காலத்தில் கங்கை கடலுக்குப் போனதே இந்த வழியாகத்தான். காளிகாட், கரியா, பாருய்பூர் என்று தெற்கே ஓடியது. 1510-ல் சைதன்ய மகாபிரபு புரிக்குப் புறப்பட்டது இந்தக் கரையோரமாகத்தான். பிற்பாடு பிரதான ஓட்டம் மேற்கே, சரஸ்வதி நதியின் கீழ்ப்பாகத்துக்குத் திரும்பிவிட்டது. இன்று நாம் ஹூக்ளி என்று பார்க்கும் பெரிய ஆறு அதுதான். பழைய தடம் மண் மேடிட்டு ஒடுங்கியது. ஆனாலும் பழைய வங்காளிகளுக்குப் புனிதமான கங்கை இந்த ஒடுங்கிய ஓடைதான். கரையில் உள்ள கேவ்ராதலா மயானத்தில்தான் 1925-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸுக்கு அக்கினி சம்ஸ்காரம் நடந்தது.

கம்பெனி அதிகாரி மேஜர் வில்லியம் டாலி 1775-ல் இதைத் தூர்வார ஆரம்பித்தார். கரியாவிலிருந்து கிழக்கே சாமுக்போத்தா வரை புதிதாக வெட்டி, வித்யாதரி நதியோடு சேர்த்து 1777-ல் முடித்தார். கிழக்கு வங்காளப் படகுகள் வந்தன, டாலிக்குச் சுங்கமும் வந்தது. டாலிகஞ்ச் என்ற பேர் அவரால் வந்ததே. 1780 ஆகஸ்ட் 17-ல் வாரன் ஹேஸ்டிங்ஸும் பிலிப் பிரான்சிஸும் அலிப்பூரில் துப்பாக்கிச் சண்டை போட்டபோது, குண்டடிபட்ட பிரான்சிஸைத் தூக்கிக்கொண்டு போனது இந்த டாலி குடியிருந்த பெல்வெடேர் மாளிகைக்குத்தான். 1953-ல் அங்கே தேசிய நூலகம் திறக்கப்பட்டபோது அதன் தலைமையில் இருந்தவர் நம் பி.எஸ். கேசவன். பேத்தி அதையும் குறித்துக்கொண்டாள்.

டாலி செய்தது நல்ல காரியமே. ஆனால் அவர் பேரோடு 'நல்லா' என்பதும் ஒட்டிக்கொண்டது. கங்கை காகிதத்தில் கால்வாய் ஆயிற்று. சர்க்கார் கோப்பு எப்படி நகரும் என்று முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிய எனக்குத் தெரியும். எந்தப் பேரில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பேருக்கு உரிய மரியாதைதான் கிடைக்கும். நதி என்றால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள், வடிகால் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? நானே ஒரு குறிப்பில் இதை 'வடிகால்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அன்று அது தப்பாகப் படவில்லை.

ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி 1998-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் 2009-ல் டாலிகஞ்சுக்குத் தெற்கே மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தபோது, அதன் தூண்கள் ஆற்றுப்படுகையிலேயே நின்றன. அந்த ரயிலில் நானும்தான் சௌகரியமாகப் போய்வருகிறேன். இப்போது நமாமி கங்கே திட்டத்தில் இதையும் சேர்த்திருக்கிறார்கள்.

கேவ்ராதலா அருகே வந்ததும் என் நடை தானாகத் தளர்ந்தது. 1974-ல் என் தகப்பனார் இங்கேதான் தகனமானார். மறுநாள் சஞ்சயனம் முடித்து அஸ்திக் கலசத்துடன் படியில் இறங்கினேன். தண்ணீர் தெற்கு நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. படகுக்காரர் ஒருவர் தடுத்து, "இப்போது ஜோயார். பாட்டா வரட்டும், பிறகு விடுங்கள்" என்றார். ஜோயார் என்றால் கடல் ஏற்றம், பாட்டா என்றால் இறக்கம். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. தெற்கு வாய் அடைபட்டுப்போன ஆறு இது. ஹூக்ளியில் ஏற்றம் வரும்போது தண்ணீர் வடக்கேயிருந்து உள்ளே நுழையும், இறக்கத்தில் வந்த வழியே வடக்கே திரும்பும். அதாவது கங்கை இங்கே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது! வாத்தியாரும் சம்மதிக்க, இரண்டு மணி நேரம் காத்திருந்து கரைத்தேன்.

இதைச் சொல்லி முடித்ததும் பேத்தி கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள்.

"அப்போ கொள்ளுத் தாத்தா சமுத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா, இல்லே இங்கேயே நின்னுட்டாரா?"

"போயிருப்பார்டி கண்ணா. ஹேஸ்டிங்ஸ் வரைக்கும் வடக்கே போய், அங்கே ஹூக்ளியிலே கலந்து, அப்புறம் தெற்கே சாகர் தீவு வரைக்கும். சுத்து வழிதான்."

"இன்னிக்குக் கரைச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "ஏன்னா, வெயில் ஏறிடுத்து, ஆத்துக்குப் போலாம் வாங்கோ" என்று பேச்சை மாற்றிவிட்டாள். பேத்தி நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். தலைப்பில் 'டாலீஸ் நல்லா' என்பதை அடித்துவிட்டு 'ஆதி கங்கை நதி' என்று எழுதியிருந்தாள்.