முத்துச் சிப்பியும் நம்மூர்க் கிணறும்



மானாவாரிக் காட்டில் பாடுபடுகிற நமக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். திருச்சுழி வழியாக ஓடுகிற குண்டாறு கடைசியில் போய்ச் சேருவது மன்னார் வளைகுடாவில். அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே போகிற ரோடு முடிகிற இடம் தூத்துக்குடி. அந்தக் கடலில் முத்து எடுத்த கதை, நம்ம கிணற்றுக் கதை மாதிரியே இருக்குதுங்க.

பாண்டியர் காலத்தில் கொற்கை முத்துக்குப் பேர் போனது. பிறகு போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அடுத்து வெள்ளைக்காரர் வந்தார்கள். ஆட்சி மாறினாலும் முத்துச் சிப்பி மட்டும் சர்க்கார் சொத்தாகவே இருந்தது.

கடலடியில் சிப்பி ஒட்டி வளர்கிற பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். முதலில் கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, அறுத்து, முத்து எத்தனை, மதிப்பு என்ன என்று பார்ப்பார்கள். தேறினால்தான் குளிப்பு அறிவிப்பார்கள். குளியாள் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்குவார். ஐந்து பாகம் முதல் பத்து பாகம் வரை ஆழம். ஒரு பாகம் ஆறடி. அடக்கின மூச்சில் கூடையை நிரப்புவார். தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்து மேலே இழுப்பார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் போடுகிற 'கடல்கட்டி' என்பவரும் உண்டு. அவர் இல்லாமல் பலர் தண்ணீரில் இறங்கவே மாட்டார்களாம்.

எதிர்க்கரையான இலங்கையில் 1905-ஆம் வருஷம் பெரிய குளிப்பு நடந்தது. 300-க்கு மேற்பட்ட தோணிகளும் சுமார் 5,000 குளியாட்களும் சேர்ந்து ஏறக்குறைய 8 கோடி சிப்பி எடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அந்த வருமானத்தைப் பார்த்து, 1906-இல் லண்டன் கம்பெனி ஒன்று 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பாரில் சிப்பி இல்லை. சில வருஷத்தில் கம்பெனியே கலைந்துபோனது. போன வருஷ விளைச்சலை நம்பி வருகிற வருஷத்துக்குக் குத்தகை பேசினால் இதுதான் கதி.

தூத்துக்குடிப் பக்கம் 1928-க்குப் பிறகு 1955 வரை குளிப்பே கிடையாது. 1955 முதல் 1961 வரை நடந்தது. அதோடு சரி. எல்லாவற்றுக்கும் மனிதன் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முத்துச் சிப்பியின் ஆயுசே ஐந்தாறு வருஷம்தான். திருக்கை மீன் தின்னும், மணல் மூடும். தொலையாயிரம் பாரில் 'சுரன்' என்கிற சிறு சிப்பி, கோரை மண்டின வயல் மாதிரிப் படர்ந்து முத்துச் சிப்பியை அமுக்கிவிட்டது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் சிப்பியை வளர்த்து உருண்டை முத்து எடுத்துக் காட்டினார்கள். ஆனால் பாரில் தோணிகள் கூடுகிற காலம் திரும்பவில்லை.

பக்கத்துக் கேரளத்தில் வேறொரு கதை. கொல்லம் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுக்கிறார்கள். வெளிநாட்டு வியாபாரம் சூடு பிடித்ததும் 1991-இல் பிடிப்பு 10,000 டன்னைத் தொட்டது. 1993-க்குள் அதில் பாதி குறைந்துவிட்டது. அங்கே விழித்துக்கொண்டார்கள். இனப்பெருக்க காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காயலில் இறங்கக்கூடாது, வலைக் கண் சிறியதாக இருக்கக்கூடாது, இயந்திரம் கூடாது, குஞ்சு மட்டியை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். மட்டி மீண்டது. 2014-இல் சர்வதேசச் சான்றிதழும் கிடைத்தது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுதான்.

இப்போது நம்ம காட்டைப் பாருங்க. கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைத்து, நீர்பாய்ச்சியை நிறுத்திப் பங்கிட்ட ஊர்கள் இவை. நிலத்தடித் தண்ணீருக்கு அப்படி ஒரு முறை வைக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் 500 அடி போட்டால் நாம் 600 அடி. கடன் வாங்கித்தான் போடுகிறோம், அந்தக் கம்பெனிக்காரர் மாதிரியே, போன வருஷத் தண்ணீரை நம்பி.

ஆகவே விதைக்கு முன்னே கயிறு விட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து குறித்து வையுங்கள். மாதிரிச் சிப்பி பார்த்த மாதிரிதான் இதுவும். மட்டம் இறங்கியிருந்தால் குதிரைவாலி, கம்பு, மல்லி என்று மானாவாரிக்கே போங்கள். பக்கத்துக் கிணற்றுக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, இறைக்கிற முறையை முடிவு செய்யுங்கள். அஷ்டமுடிக்காரரால் முடிந்தது நம்மாலும் முடியும்.