பேராசிரியர் எலோவும் எங்க கில்டும்

செஸ் ஆடுறவங்களுக்கு அர்பாத் எலோவைத் தெரிஞ்சிருக்கும். 1903-ல் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கா போய், மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். அவர் போட்ட கணக்கை 1960-ல் அமெரிக்க செஸ் கூட்டமைப்பும் 1970-ல் ஃபிடேயும் எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் 200 புள்ளி வித்தியாசம்னா, மேலே இருக்கிறவர் நாலு ஆட்டத்துக்குச் சுமார் மூணு புள்ளி எடுக்கணும். எதிர்பார்த்தபடி ஜெயிச்சா துளியூண்டு ஏறும். சின்னப் பயல்கிட்ட தோத்தா தடால்னு இறங்கும். அவ்ளோதான் மேட்டர்.

மனுஷன் 1992-ல் காலமாகிவிட்டார். அதே கணக்கை வச்சு நாங்க ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சுக்கிட்டதை அவர் பார்க்கலை. நல்லவேளை :-)

2005 ஏப்ரலில் கில்ட் வார்ஸ் வந்தது. மாதச் சந்தா கிடையாது, அதான் நான் உள்ளே போனதே. எட்டுப் பேருக்கு எட்டுப் பேர். எதிரி கோட்டைக்குள் புகுந்து அவங்க தலைவனைச் சாய்க்கணும். ரேட்டிங் ஆளுக்கு இல்லை, கில்டுக்கு. எல்லாருக்கும் தொடக்கம் 1000.

வில்லங்கமே இங்கேதான். எலோ கணக்கில் ஆடுறது ஒரே ஆள், அவர் திறமை மெதுவாத்தான் மாறும். கில்டில் நேத்து ஆடின எட்டுப் பேர் இன்னிக்கு இல்லை. ஒருத்தன் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருப்பான். ரேட்டிங்குக்கு அது தெரியுமா? அதனால் பெரிய கில்டுகள் முழு டீம் இல்லாட்டி ஆட மாட்டாங்க. பயிற்சிக்குப் புதுப்பெயரில் இன்னொரு கில்ட். இதுக்குப் பேர் ஸ்மர்ஃப். 1000-ல் இருக்கிற அப்பாவிகள் மேல இந்த யானைகள் வந்து விழும்.

மத்த இடத்திலும் இதே கூத்துதான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2007 ஜனவரியில் அரீனா வந்தப்போ, ரேட்டிங்கை ரெண்டு, மூணு, அஞ்சு பேர் குழுவுக்குக் கொடுத்தாங்க. கில்டுக்குள்ளேயே கட்சி பிரிஞ்சது. ரேட்டிங் ஏறின குழுக்களை விலைக்கே வித்தாங்க. கில்ட் வார்ஸ் 2-ல் (2012) மொத்த சர்வருக்கே ரேட்டிங் இருந்தது, மார்க் கிளிக்மேனோட க்ளிக்கோ முறைப்படி. பெரிய கில்டுகள் மூட்டை கட்டி வேற சர்வருக்குப் போயிடுவாங்க. மிச்சம் இருக்கிறவங்க, பழைய ரேட்டிங் இறங்கி முடியிற வரைக்கும் வாராவாரம் உதை வாங்க வேண்டியிருந்தது.

எங்க கதைக்கு வர்றேன். சென்னை, துபாய், சிங்கப்பூர்னு இருபது பேர். எங்க மாங்க் ஒரு அண்ணன். மத்தவங்க உயிரைக் காப்பாத்துற வேலை அவருது, ஆனா டயல்-அப் கனெக்‌ஷன். கில்ட் ஆரம்பிச்சவரும் அவரே. 1100 தாண்டுற வரைக்கும் அவரோட லேக் எங்களுக்கு ஜோக். தாண்டினப்புறம் ஒவ்வொரு தோல்விக்கும் எத்தனை புள்ளி போச்சுன்னு எண்ண ஆரம்பிச்சோம். ஒரு ராத்திரி, அவர் இல்லாதப்போ, அவரை எடுத்துடலாமான்னு பேச்சு வந்தது. எல்லாரும் சரின்னாங்க. நானும் சரின்னு டைப் பண்ணேன்.

மறுநாள் அணிப் பட்டியலைப் பார்த்துட்டு, "பரவால்ல தம்பி, நல்லா ஆடுங்க"ன்னார். அப்புறம் அவர் லாகின் பண்ணவே இல்லை.

ரேட்டிங் ஏறத்தான் செஞ்சது. ஒன்றரை மாசத்தில் கில்டும் கலைஞ்சது. அதுவரைக்கும் நாங்க எல்லாரும் முதுகில் போட்டுட்டுத் திரிஞ்சது அவர் டிசைன் பண்ணின கேப்தான்.