குடம் துளைத்த கதை



எங்க அப்பாரு வரப்போரத்திலே ஒரு கருவேல மரத்தைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார். கிளையைக் கூட யாரையும் தொட விடமாட்டார். இருபது வருஷம் கழித்து அதை வெட்டி, அடிமரத்திலே வண்டிச் சக்கரத்துக்கு இரண்டு குடம் எடுக்கச் சொன்னார். ஆசாரியிடம் இருந்த துறப்பணம் தேய்ந்து போயிருந்தது. என் தகப்பனார் சந்தையிலே பளபளவென்று மின்னிய ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி வந்து கொடுத்தார். குடத்தின் ஒரு பக்கம் நடுவிலே நுழைந்த முனை, மறுபக்கம் வரும்போது அரை விரல்கடை ஒதுங்கி வந்தது. ஆசாரி பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. அந்தக் குடத்தை வீணாக்க மனசில்லாமல் சக்கரம் பூட்டினோம். வண்டி போகிற போக்கிலே சக்கரம் ஆடும். நுகத்தடி ஆட ஆட எருதின் கழுத்திலே புண் வந்தது. இரண்டாவது குடத்தை அப்பாரு துளைக்கவே விடவில்லை. ரொம்ப நாள் அது கட்டுத்தரையிலே உட்காரும் கட்டையாகக் கிடந்தது.

மரத்திலே சின்ன ஓட்டை போடுவது யாராலும் முடியும். ஒரு சாண், இரண்டு சாண் ஆழத்துக்கு நேராக ஓட்டை போடுவதுதான் வித்தை. இந்த வித்தைக்குப் பின்னாலே ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதிலே நம்ம சேலம் சீமைக்கும் பங்கு உண்டு. அதை இன்றைக்குச் சொல்கிறேன், கேளுங்க.

முதலிலே இருந்தது வில் துறப்பணம். ஒரு கட்டை, அதன் நுனியிலே ஈட்டி மாதிரி தட்டையான இரும்பு முனை, கட்டையைச் சுற்றி ஒரு கயிறு. கயிற்றை வில்லாலே முன்னும் பின்னும் இழுத்தால் முனை சுழலும். கல்மணிக்கு ஓட்டை போட்டதும் இந்த முறையிலேதான். நொய்யல் கரையிலே, ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலே 1985 முதல் பல தடவை அகழாய்வு நடந்தது. பளிங்கு, சூதுபவளம் இவற்றிலே செய்த மணிகள் அங்கே வேலை பாதியிலே நின்ற நிலையிலும் கிடைத்தன. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும் அதே ஊரிலே கிடைத்தன.

ஆனால் வில் துறப்பணத்துக்கு ஒரு குறை உண்டு. முனை ஒரு தடவை வலப்பக்கம் சுற்றும், அடுத்த தடவை இடப்பக்கம் சுற்றும். அதனாலே முனையைத் திருகு வடிவிலே செய்ய முடியாது. இரண்டு பக்கமும் சுரண்டுகிற தட்டை முனைதான் போட வேண்டும். தட்டை முனை தூளை வெளியே தள்ளாது. ஓட்டை நாலு விரற்கடை ஆழம் போனதும் தூள் அடைத்துக்கொள்ளும், முனை சூடேறும், கருகல் வாடை வரும். அதனாலே பெரிய ஓட்டை என்றால் இரண்டு பக்கமும் உளியாலே குடைந்து நடுவிலே சேர்ப்பார்கள். காய்ச்சிய கம்பியை விட்டுச் சுட்டு எடுப்பதும் உண்டு. துளைப்பது பெரிதல்ல, துளைத்த தூளை வெளியே கொண்டு வருவதுதான் பெரிது. இதை மனசிலே வைத்துக்கொள்ளுங்க, மறுபடியும் இங்கேயே வருவோம்.

இப்போது எஃகுக்கு வருவோம். கருவேலத்தைக் குடைய வேண்டுமானால் முனை உறுதியாக இருக்க வேண்டுமே! சேலத்துக்குப் பக்கத்திலே கஞ்சமலை இருக்கிறது. அந்த மலையின் கருப்புக் கல்லிலே இரும்பு இருக்கிறது. மேட்டூர்ப் பக்கம் மாங்காடு, தெலுங்கனூர் ஊர்களிலே கிடைத்த இரும்புப் பொருட்கள் மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டவை என்று இப்போது கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பழைய தொழில் இது. எஃகு செய்த விதத்தைப் பாருங்க. கொஞ்சம் இரும்புத் துண்டு, காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கம் இலை, எல்லாவற்றையும் ஒரு மண் குகையிலே போட்டுக் களிமண்ணாலே வாயை அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட குகைகளை வளைவாக அடுக்கி, ஆட்டுத்தோல் துருத்தியாலே ஊதுவார்கள். இரண்டரை மணி நேரத்திலே ஆவாரையின் கரி இரும்போடு சேர்ந்து எஃகாகிவிடும். நம்ம தோட்டத்து வேலியோரம் நிற்கிற ஆவாரையும் எருக்கும்தான், வேறொன்றுமில்லை.

இதை எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர். கம்பெனி வேலையிலே சேலத்திலே இருந்தவர். வேலையை விட்டுவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையிலே இரும்பு ஆலை வைத்தார். சேலத்துத் தாதுக் கல்லைக் காவிரி, கொள்ளிடம் வழியாகப் படகிலே கொண்டு போனார்கள். ஆலைக்கு வேண்டிய அத்தனை கரிக்கும் காடு போதவில்லை. சில பத்தாண்டுகளிலே ஆலை நின்று போனது. எகிப்து நாட்டுக் கருங்கல் தூண்களைச் செதுக்கிய உளிகள் கூட நம்ம எஃகாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது சரியில்லை. எகிப்தியர் செம்புக் குழாயையும் மணலையும் வைத்துத்தான் கருங்கல்லைத் துளைத்தார்கள் என்று பின்னாலே தெரிந்தது.

ஹீத்தின் பெரிய காரியம் வேறு. 1839-இல் இங்கிலாந்திலே அவர் ஒரு காப்புரிமை வாங்கினார். எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால், விலை மலிவான உள்நாட்டு இரும்பிலேயே அடித்து வளைக்கத் தகுந்த நல்ல எஃகு கிடைக்கும் என்று காட்டினார். ஷெபீல்டு நகரத்து ஆலைக்காரர்கள் அதைக் கொண்டு நன்றாகச் சம்பாதித்தார்கள். அங்கே அவருக்கு ஏஜெண்டாக இருந்தவரே முறையைச் சற்று மாற்றி, காப்புரிமைப் பணம் தராமல் ஒதுங்கிவிட்டார். வழக்கு பல வருஷம் நடந்தது. ஹீத் 1851-இல் இறந்தார், தீர்ப்பு 1855-இல் அவருக்கு எதிராக வந்தது. உழைத்தவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன்!

மரத் துறப்பணமும் மாறியது. ஒரே பக்கம் விடாமல் சுற்றுகிற கைப்பிடி வந்த பிறகு திருகு முனைக்கு வழி பிறந்தது. அமெரிக்காவிலே 1809-இல் எஸ்ரா லொம்மடியூ என்பவர் நுனியிலே திருகாணியும், அதற்கு மேலே இரட்டைச் சுருளும் உள்ள துறப்பணத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1855-இல் ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் அதைத் திருத்தினார். 1884-இல் இர்வின் முறை வந்தது. அதன் நடுவிலே கெட்டியான தண்டும், அதைச் சுற்றி ஒற்றைச் சுருளும் இருக்கும். இந்த இரண்டு ஜாதியும்தான் இன்றைக்கும் கடையிலே இருக்கின்றன.

அதிலே மூன்று உறுப்பு உண்டு. நுனித் திருகாணி மரத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும். ஓரத்துக் கத்திகள் வட்டமாகக் கீறி நாரை அறுக்கும். அதன் பிறகு வெட்டு உதடுகள் சீவலை எடுக்கும். சீவல் சுருள் வழியே மேலே ஏறி வெளியே விழும். பல நூற்றாண்டு அடைத்துக்கொண்டிருந்த தூளுக்கு வழி கிடைத்தது இப்படித்தான்.

நாமக்கல்லிலே லாரி பாடி கட்டும் தொழில் தழைத்தபோது இந்தத் துறப்பணத்துக்கு நல்ல வேலை இருந்தது. கனமான மரச் சட்டங்களை அடுக்கி, மேலிருந்து கீழே போல்ட் போட வேண்டும். ஓட்டை சாய்ந்தால் போல்ட் இறங்காது, இறங்கினாலும் லாரி குலுங்கும்போது சட்டம் பிளக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் பாறையிலே செய்கின்றன. அங்கே திருகாணி கிடையாது. சுத்தி அடிக்கும், டங்ஸ்டன் கார்பைடு பொத்தான்கள் பாறையை நொறுக்கும், தூளைக் காற்று மேலே ஊதித் தள்ளும். காற்று குறைந்தால் தூள் அடைத்து பிட் சிக்கிக்கொள்ளும். கிணறு போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பாறைக்கும் மரத்துக்கும் விதி ஒன்றுதான் பாருங்க.

இனிமேல் கடைக்குப் போனால் எப்படிப் பார்த்து வாங்குவது? ஆழமான ஓட்டைக்கு நடுத்தண்டு கெட்டியான இர்வின் ஜாதியே மேல். அது வளையாது, சீவலையும் நன்றாகத் தள்ளும். ஜென்னிங்ஸ் ஜாதி ஓட்டையை வழவழப்பாக விடும், கதவு ஜன்னல் வேலைக்கு நல்லது. கருவேலம் மாதிரி வைர மரத்துக்கு நுனித் திருகாணியின் மரை நெருக்கமாக இருக்கட்டும், இலவு மாதிரி மெது மரத்துக்கு அகல மரை போதும். மரை பள்ளத்திலே பெயிண்டோ முலாமோ அடைத்திருந்தால் மரத்தைப் பிடிக்காது, அதை வாங்காதீங்க.

பிட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துப்பாக்கி பார்ப்பது போலப் பாருங்க. பிறகு கண்ணாடி மேஜை மேலே உருட்டுங்க. துள்ளினால் அது வளைந்தது. இரண்டு ஓரக் கத்தியும் ஒரே உயரமா, இரண்டு உதடும் ஒரே மட்டமா என்று பார்க்க வேண்டும். எங்க வீட்டுக் குடத்தைக் கெடுத்த துறப்பணத்திலே ஒரு உதடு நெல்லளவு இறங்கியிருந்தது. ஓட்டை ஒதுங்கியதற்கு அதுதான் காரணம். அதைப் பார்க்கத் தெரியாமல் மினுக்கைப் பார்த்து வாங்கினோம். தண்டின் அடியிலே 8 என்று இருந்தால் பதினாறில் எட்டு, அதாவது அரை அங்குலம். 12 என்றால் முக்கால் அங்குலம். சுருள் உங்க ஓட்டையின் ஆழத்தை விட நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிக்கடி வெளியே இழுத்துத் தூள் தட்ட வேண்டி வரும்.

எச்.எஸ்.எஸ். என்று எழுதியிருப்பது அதிவேக எஃகு. 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலே, முனை சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவிக் காட்டி உலகத்தையே அசர வைத்த எஃகு அது. சாதாரண எஃகு பிட்டு சூட்டிலே நீலம் பாய்ந்தால் அதோடு பதம் போச்சு, அதைத் தீட்டியும் பயனில்லை. கடையிலே 'விடியா' பிட்டு தருவார்கள். ஜெர்மனியிலே 1926-இல் வைரம் போல என்று பொருள்படப் பேர் வைத்து விற்ற கார்பைடு அது. சுவரைத் துளைக்க நல்லது. அதன் நுனி மழுங்கல், மரத்தை அறுக்காது, கருக்கும்.

மின்சார டிரில்லிலே போடுவதானால் சுற்று மெதுவாக இருக்கட்டும், இரண்டு கையாலும் பிடியுங்க. திருகாணி திடீரென்று பிடித்து இழுத்தால் மணிக்கட்டை முறுக்கிவிடும். பழைய வண்டிக் கட்டையானால் முதலிலே ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்க. ஒரு ஆணியிலே மோதினால் ஓரக் கத்தி இரண்டும் போய்விடும். குடம் போன்ற கனத்த கட்டையில் இரண்டு பக்கமும் நடுப்புள்ளி குறித்து, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் துளைப்பது நல்லது. மறுபக்கம் திருகாணி நுனி எட்டிப் பார்த்தவுடன் நிறுத்தித் திருப்பினால் விளிம்பு பிளக்காது. தீட்டும்போது சின்ன அரத்தாலே ஓரக் கத்தியின் உள்பக்கம் மட்டும், உதட்டின் மேல்பக்கம் மட்டும் தீட்டுங்க. வெளிப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தாலும் ஓட்டையின் அளவு குறைந்து, பிட்டு உள்ளேயே இறுகி நின்றுவிடும்.