வைத்தியக் கட்டணமும் அரசாங்கமும்



வைத்தியனுக்குக் கொடுக்கவேண்டிய கூலி இவ்வளவென்று அரசு வரையறுத்து, அதனை எழுதிவைக்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன்னர் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி என்னும் மன்னன் தன் நாட்டுச் சட்டங்களைக் கருங்கல்லிற் பொறித்து நிறுத்தினான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரசீக நாட்டுச் சூசா நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அக்கல், இன்று பாரிஸ் மாநகரின் லூவர் அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. கடும் புண்ணைச் சத்திரசிகிச்சையால் ஆற்றிய வைத்தியனுக்கு, நோயாளி உயர்குடியினனாயின் 10 செக்கெல் வெள்ளி, எளியவனாயின் 5, அடிமையாயின் அவனுடைய எசமான் 2 கொடுத்தல் வேண்டும் என்று அது விதிக்கின்றது. ஆளுக்கொரு நீதி என்னும் குறை அதில் உண்டு. எனினும், கத்தி வைக்குமுன்னரே கூலி இன்னதென்று தெரிந்திருந்தது.

இந்த எளிய வசதியைச் செல்வத்தில் முதன்மை பெற்ற ஐக்கிய அமெரிக்க நாடு இருபதாம் நூற்றாண்டில் இழந்துவிட்டது. அதனை மீட்க அந்நாட்டு அரசாங்கம் பட்டபாடே இன்றைய பேச்சின் பொருள்.

கதை ஆசிரியர்களிடமிருந்து தொடங்குகின்றது. டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரிலே, பேலர் பல்கலைக்கழக வைத்தியசாலையின் பொறுப்பில் ஜஸ்டின் போர்ட் கிம்பல் என்பார் இருந்தார். முன்னர் அந்நகரப் பாடசாலைகளை மேற்பார்வை செய்தவர் அவர். ஆசிரியர் பலர் வைத்தியசாலைக்குக் கடன்பட்டிருப்பதைக் கண்டு, 1929ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாடு செய்தார். ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் 50 சதம் செலுத்தவேண்டும். நோயுற்றால் 21 நாள்வரை வைத்தியசாலையிற் பராமரிக்கப்படுவர். இந்தச் சிறு விதையே பின்னர் ‘புளூ குறொஸ்’ என்னும் பெருங் காப்புறுதி மரமாய் வளர்ந்தது.

அடுத்து வந்தது உலகப் போர். 1942இல் சம்பள உயர்வுக்கு அரசாங்கம் தடை விதித்தபோது, தொழிலதிபர்கள் சம்பளத்துக்குப் பதிலாக வைத்தியக் காப்புறுதியைக் காட்டித் தொழிலாளரை ஈர்த்தனர். அதற்கு வருமானவரி இல்லையென்பதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. 1965இல் முதியோருக்கு ‘மெடிக்கெயார்’, வறியோருக்கு ‘மெடிக்கெயிட்’ என்னும் அரசாங்கத் திட்டங்கள் உண்டாயின.

இவையெல்லாம் நன்மை கருதி எழுந்தவையே. ஆயினும் நோயாளிக்கும் வைத்தியசாலைக்கும் இடையே பணங்கொடுக்கும் மூன்றாமவர் ஒருவர் வந்து அமர்ந்துகொண்டார். வைத்தியசாலை ஒரு பெரும் விலைப்பட்டியலைத் தன்னிடம் வைத்திருக்கும். காப்புறுதி நிறுவனம் ஒவ்வொன்றும் அதிற் பேரம் பேசித் தனித்தனி விலையை இரகசியமாகப் பெற்றுக்கொள்ளும். பேரம் பேச ஆளில்லாத, காப்புறுதி இல்லாத மனிதனிடமோ பெரும்பாலும் முழு விலையே கேட்கப்பட்டது. வலிமை குறைந்தவன் தோளிலே பாரம் கூடிற்று.

இத்திரையை விலக்க முதலில் முயன்ற மாநிலங்களுள் ஒன்று கலிபோர்னியா. வைத்தியசாலைகள் தம் விலைப்பட்டியலை மக்களுக்குக் காட்டவேண்டுமென்று 2003இல் அது சட்டமியற்றியது. 2010இல் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சுகாதாரச் சட்டமும் நாடெங்குமுள்ள வைத்தியசாலைகளுக்கு அக்கடமையை விதித்தது. 2013இல் மத்திய அரசாங்கம், 3,000க்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் மிகப் பொதுவான 100 வகைச் சிகிச்சைகளுக்குக் கேட்ட கட்டணங்களை வெளியிட்டது. ஒரே சிகிச்சைக்கு, ஒரே நகரத்து வைத்தியசாலைகளுக்குள்ளேயே பன்மடங்கு வேறுபாடு இருக்கக் கண்டு மக்கள் திகைத்தனர்.

எனினும், பட்டியலில் உள்ள விலை வேறு. உண்மையிற் கொடுபடும் விலை வேறு. ஆகவே 2019இல் ஜனாதிபதி டிரம்ப், பேரத்தால் முடிவான இரகசிய விலைகளையும் வெளியிடுமாறு பணித்தார். வைத்தியசாலைச் சங்கத்தார் நீதிமன்றம் ஏறினர். 2020 டிசம்பரில் மேன்முறையீட்டிலும் தோற்றனர். 2021 ஜனவரி முதலாந் திகதி விதி நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டியே நாள்குறித்துச் செய்யத்தக்க 300 சேவைகளின் விலையைப் பொதுமக்களுக்கு விளங்கும் வகையிற் காட்டவும் அது கட்டளையிட்டது. மீறுவோருக்கு நாளொன்றுக்கு 300 டொலர் தண்டம். பெரிய வைத்தியசாலைகள் அதனைப் பொருட்படுத்தா என்று கண்ட ஜனாதிபதி பைடனின் அரசாங்கம், 2022 முதல் அவற்றுக்கு நாளொன்றுக்கு 5,500 டொலர்வரை தண்டத்தை உயர்த்தியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஜோர்ஜியா மாநிலத்து வைத்தியசாலைகள் இரண்டு முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டன. கட்சிகள் மாறியும் கொள்கை மாறாதிருந்தமை கவனிக்கத்தக்கது.

விலை வெளிப்பட்டதனால் நோயாளியின் துயர் தீர்ந்துவிட்டதா? முழுமையாகத் தீரவில்லை. வெளியான பட்டியல்கள் பல, கணனி மட்டுமே வாசிக்கக்கூடிய பேரேடுகளாய் இருந்தன. மேலும், சந்தையிற் கத்தரிக்காய் வாங்குபவன் கடைகடையாய் ஏறியிறங்கி விலை கேட்கலாம். நெஞ்சுவலியால் துடிப்பவன் அவ்வாறு கேட்டுத் திரிய முடியுமா? இதனை உணர்ந்தே, 2022இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம், அவசர சிகிச்சையின்பின் எதிர்பாராத பெருந்தொகையைக் காப்புறுதியுள்ளவரிடம் கேட்பதைத் தடுத்தது. காப்புறுதி இல்லாதவருக்கு, நாள்குறித்துச் செய்யும் சிகிச்சையின் உத்தேசச் செலவை முன்னரே எழுத்திற் கொடுக்கவேண்டும். இறுதிக் கட்டணம் அதனினும் 400 டொலரோ அதற்கு மேலோ கூடினால் அவர் முறையிடலாம். விலையை அறிவிப்பதோடு நில்லாது, அறிவித்த விலைக்குப் பொறுப்பேற்கச் செய்ததே இச்சட்டத்தின் சிறப்பு.

நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமாகையால், இப்பிரச்சினை மருந்துக்கடை வாயிலிலேதான் பெரிதும் தோன்றுகின்றது. ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களிற் பல விலைகளுக்கு விற்கப்படுவதைப் பேராசிரியர் சேனக்க பிபிலே நன்கு அறிந்திருந்தார். மருந்தை அதன் பொதுப்பெயரால் எழுதவேண்டும் என்று வாதிட்ட அவர், 1971இல் நிறுவப்பட்ட அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். பெயரை வெளிப்படுத்தினால் விலையும் வெளிப்படும் என்பது அவர் கண்ட உண்மை. 2015ஆம் ஆண்டுத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும், அதன்கீழ் 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை குறித்து வெளிவந்த வர்த்தமானியும் அவ்வழியில் வந்தவையே. ஆயினும், 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்து அருகியபோது, கையிற் கிடையாத மருந்துக்கு விலை குறித்திருந்தும் பயனில்லை என்பதையும் கண்டோம்.

விலையை அறிவது நோயாளியின் உரிமை. ஆனால் அவ்வறிவு பயன்பட, விளங்கும் மொழியில் எழுதப்பட்ட பட்டியல் வேண்டும். மீறுவோரைத் தண்டிக்கும் சட்டம் வேண்டும். விலை கேட்டுத் திரிய இயலாதவனைக் காக்கும் ஏற்பாடும் வேண்டும். ஹம்முராபியின் கல்லில் விலையும் இருந்தது, அதனை வற்புறுத்தும் ஆணையும் இருந்தது. மூன்றாவதாகிய ஏற்பாட்டைச் செய்வது நம் காலத்து அரசாங்கங்களின் கடன்.