வான் ஹோவன்பர்க் மலைத்தடம்

வான் ஹோவன்பர்க் மலைத்தடம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அடிராண்டாக் மலைப்பகுதியில் அமைந்துள்ள ஒரு நடைபாதை ஆகும். ஹார்ட் ஏரிக்கு அருகில் தொடங்கும் இத்தடம், மாநிலத்தின் மிக உயர்ந்த மலையான மார்சி மலையின் உச்சியில் (1,629 மீட்டர்) முடிவடைகின்றது. இதன் ஒருவழித் தூரம் சுமார் 11.9 கிலோமீட்டர். தொடக்க இடத்திலிருந்து உச்சி ஏறத்தாழ 960 மீட்டர் உயரத்தில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வேரிக் கரையில் விடுதி நடத்திய என்றி வான் ஹோவன்பர்க் என்பவரின் பெயரால் இத்தடம் அழைக்கப்படுகின்றது.

பாதை அமைப்பு

தொடக்கத்திலிருந்து 3.7 கிலோமீட்டர் தொலைவில் மார்சி அணை என்னும் இடம் உள்ளது. இங்கிருந்த மரப்பாலத்தை 2011 ஆகஸ்டில் ஐரீன் புயலின் வெள்ளம் அடித்துச் சென்றது. பின்னர் ஓடையின் கீழ்ப்பகுதியில் புதிய பாலம் அமைக்கப்பட்டது. 7 கிலோமீட்டர் அளவில் இந்தியன் அருவி உள்ளது. தாழ்வான பகுதிகளில் மேப்பிள், பீச் முதலிய அகன்ற இலை மரங்களும், மேலே ஊசியிலை மரங்களும் மிகுதியாகக் காணப்படுகின்றன. உச்சியை நெருங்கும்போது மரங்கள் குட்டையாகி, முடிவில் பாறையும் ஆல்ப்பைன் தாவரங்களும் மட்டுமே எஞ்சுகின்றன.

இளவேனிலின் பிற்பகுதியில் பனி

மே மாதத்தில் அடிவாரத்தில் மரங்கள் தளிர்க்கத் தொடங்கிவிட்டாலும், ஊசியிலைக் காட்டின் நிழலில் பனி நீடித்திருப்பது வழக்கம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைவது இதற்கு ஒரு காரணமாகும்.

குளிர்காலம் முழுவதும் நடப்போரின் மிதியால் தடத்தின் நடுவிலுள்ள பனி இறுகிவிடுகின்றது. சுற்றியுள்ள பனியை விட இது மெதுவாக உருகுவதால், பாதையின் நடுவே குறுகிய முதுகு போல எஞ்சி நிற்கின்றது. இதிலிருந்து சற்று விலகினால் கால் தொடை வரை புதைந்துவிடக்கூடும். இளம் ஊசியிலை மரங்களின் கிளைகளுக்கு அடியில் பனி நிரம்பாத வெற்றிடங்கள் இருப்பதும் ஆபத்தானது. இவ்வாறு புதைவதைத் தவிர்க்கப் பனிநடைக் காலணி பயன்படுகின்றது. 20 சென்டிமீட்டருக்கு மேல் பனி உள்ளபோது, இத்தடம் செல்லும் கிழக்கு உயர்சிகர வனப்பகுதியில் இக்காலணி அல்லது பனிச்சறுக்குப் பலகை அணிவது கட்டாயமாகும்.

பனி உருகும் காலத்தில் ஓடைகளில் நீர் பெருகுகின்றது. பெரும்பாலும் பகலில் உருகிய நீர் சேர்வதால், காலையில் எளிதாகக் கடந்த ஓடை மாலையில் கடக்க இயலாததாகிவிடலாம். மார்சி அணைக்கு அப்பால் பெல்ப்ஸ் ஓடையைக் கடக்க, வெள்ளக் காலத்துக்கெனத் தனி மாற்றுவழி உண்டு. நனைந்த உடையும் உச்சியின் கடுங்காற்றும் சேர்ந்தால், உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பநிலையிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும்.

சேற்றுப் பருவமும் தாவரப் பாதுகாப்பும்

உருகும் நீரால் மண் ஊறியிருக்கும் இக்காலம் "சேற்றுப் பருவம்" எனப்படுகின்றது. மேல்மண் மிக மெல்லியதாக இருப்பதால் காலடி பட்டவுடன் எளிதில் அரித்துச் செல்லப்படுகின்றது. ஆகவே, இப்பருவத்தில் 2,500 அடிக்கு (762 மீட்டர்) மேற்பட்ட தடங்களைத் தவிர்க்குமாறு மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை கேட்டுக்கொள்கின்றது. அவ்வாறு செல்ல நேர்ந்தால் சேற்றையோ பனியையோ சுற்றிச் செல்லாமல், அதன் நடுவே நடப்பதே முறையாகும். ஓரமாக ஒதுங்கி நடப்பதால் பாதை அகன்று, அருகிலுள்ள செடிகளும் அழிகின்றன.

உச்சியிலுள்ள ஆல்ப்பைன் தாவரங்கள் காற்றையும் குளிரையும் தாங்குபவை. எனினும், மிக மெதுவாக வளர்வதால் மிதிபட்டால் மீள்வதற்கு நெடுங்காலம் ஆகும். இவற்றைப் பற்றி மலையேறுவோருக்கு நேரில் எடுத்துரைக்கும் சிகரக் காவலர் திட்டம் 1989இல் தொடங்கப்பட்டது. பாறைமீது மட்டும் காலூன்றி நடக்குமாறு இக்காவலர்கள் அறிவுறுத்துகின்றனர். பனி மூடியுள்ளபோது பாறை எது, செடி எது என அறிய முடியாது. எனவே கற்குவியல் அடையாளங்களைப் பின்பற்றிச் செல்வது இக்காலத்தில் மிகவும் இன்றியமையாததாகும்.