முறிந்த எலும்பும் சீழ்பிடித்த புண்ணும்

எலும்பு முறிவில் இரு வகை உண்டு. தோல் கிழியாமல் உள்ளே முறிவது ஒன்று. முறிந்த முனை தசையையும் தோலையும் கிழித்துக்கொண்டு வெளியுலகைத் தொடுவது மற்றொன்று. முன்னதைக் கட்டிவைத்தால் பெரும்பாலும் கூடிவிடும். பின்னது, ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்புவரை, உலகின் எந்த மருத்துவமனையிலும் காலை இழப்பதா உயிரை இழப்பதா என்னும் வினாவாகவே இருந்தது. கொன்றது முறிவு அன்று. புண்ணின் வழியே புகுந்த மண்ணும் துணித்துண்டும் அவற்றோடு வந்த நுண்ணுயிர்களுமே கொன்றன. இந்த வரலாற்றில் தமிழரும் தமிழும் நிற்கும் இடங்கள் சிலவற்றை இங்கே காண முற்படுகிறோம்.

புண்ணைப் பற்றிய பழைய சான்றுகளை நம் இலக்கியத்திலிருந்தே தொடங்கலாம். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், போரில் பட்ட புண்ணை நீண்ட வெண்ணிற ஊசியால் தைப்பதைச் சொல்கிறார். குளத்து நீரில் பாய்ந்து எழும் மீன்கொத்தியை அந்த ஊசிக்கு உவமை ஆக்குகிறார். கண்ணால் கண்டவரே இப்படி எழுத முடியும் என்பது நம் எண்ணம். புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார் காட்டும் வீட்டில் வேப்பிலை செருகியிருக்கிறது; வெண்சிறுகடுகு தூவப்படுகிறது; நறும்புகை எழுகிறது; காஞ்சிப் பண் பாடப்படுகிறது. புண்பட்டவனைப் பேயிடமிருந்து காப்பதே அதன் நோக்கம். ஆயினும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்று புண்ணை நாடி வருகிறது, அதைத் தடுக்கவேண்டும் என்ற அச்சம் அங்கே இருந்ததை மறுக்க இயலாது. இதைக் கொண்டு சங்கத் தமிழர் கிருமியை அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோர் உளர்; அது மிகை.

சுசுருத சம்கிதை நீண்ட எலும்பின் முறிவைப் பன்னிரண்டாகவும் மூட்டு விலகலை ஆறாகவும் வகுத்து, புண்ணோடு கூடிய முறிவுக்குத் தேனும் நெய்யும் கலந்த மருந்தைத் தனியே சொல்கிறது. நம் நாட்டு எலும்புக்கட்டு வைத்தியர்களின் கைத்திறனும் பெரிது. ஆனால் அத்திறன் மூடிய முறிவுக்கு உரியது. திறந்த புண்ணின்மேல் மூங்கிற்பட்டை வைத்து இறுகக் கட்டினால் உள்ளே குருதியோட்டம் நின்று தசை அழுகும்.

இனி 1867ஆம் ஆண்டுக்கு வருவோம். கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் அவ்வாண்டில் தம் புதிய முறையைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். அவர் தேர்ந்தெடுத்த நோய் வேறெதுவும் அன்று. திறந்த எலும்பு முறிவுதான். 1865 ஆகஸ்ட் 12ஆம் நாள், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் கிரீன்லீஸ் அவரிடம் கொண்டுவரப்பட்டான். கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தைத் துணியில் தோய்த்துப் புண்ணின்மேல் வைத்தார். நான்கு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. லிஸ்டர் எழுதிய பதினொரு நோயாளருள் ஒன்பதின்மர் காலோடு பிழைத்தனர், ஒருவர் காலை இழந்தார், ஒருவர் இறந்தார். ‘நல்ல சீழ்’ வந்தால் புண் ஆறும் என்று ஐரோப்பிய மருத்துவம் நூற்றாண்டுகளாய் நம்பிவந்த காலத்தில் இது எளிய செய்தி அன்று.

அதே 1867இல்தான் யாழ்ப்பாணத்தில் ‘இரண வைத்தியம்’ என்னும் தமிழ் நூல் அச்சேறியது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். திருயிற் என்பாரின் ஆங்கில அறுவை நூலைத் தழுவியது அவர்தம் ‘இரண வைத்தியம்’. அந்த மூலநூல் லிஸ்டருக்கு முற்பட்ட காலத்தில் தோன்றியது. ஆகவே அறுவை மருத்துவம் முழுமையாகத் தமிழில் வந்து சேர்ந்த அதே ஆண்டில், அதன் அடிப்படையே வேறோர் ஊரில் மாறத் தொடங்கிவிட்டது. இதைக் கிறீனின் குறையாகக் கருதுவது முறையன்று. எலும்புக்கும் நரம்புக்கும் கட்டுக்கும் கருவிக்கும் சொல் தேடி, தமிழறிந்த மாணவர் கையில் அவர் ஒரு நூலைக் கொடுத்தார். புதிய பதிப்புகளால் அந்நூல் தொடர்ந்து வளர்ந்திருக்கவேண்டும். கல்வி ஆங்கிலத்துக்கு மாறியதும் அவ்வழி அடைபட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்தோருள் எழுத்தரும் இரயில்வே அலுவலரும் போலவே மருத்துவ உதவியாளரும் இருந்தனர். தோட்டத்து மக்கள் அவர்களை அழைத்த பெயர் ‘டிரசர்’. புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். இன்றைய செபராங் பிறை 1800இல் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கே பரவிய கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் வந்த இரப்பர்த் தோட்டங்களிலும் இரயில் பாதையிலும் உழைத்தவர்களுள் தமிழர் மிகப் பலர். புக்கிட் மெர்தாஜாமே, பட்டர்வொர்த்துக்குச் செல்லும் பாதையும் பாடாங் பெசாருக்குச் செல்லும் பாதையும் பிரியும் சந்திப்பாக வளர்ந்த ஊர். அரிவாளும் வண்டிச் சக்கரமும் ஆலைப் பொறியும் இரயில் பெட்டியும் கால்களை முறித்த காலத்தில், தோட்டத் தொழிலாளியின் புண்ணை முதலில் பார்த்தவர் பெரும்பாலும் அந்த டிரசரே. நம் தாத்தா பாட்டிமார் அப்பெயரை மதிப்போடும் சற்று அச்சத்தோடும் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

லிஸ்டரின் முறை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. முதல் உலகப்போரில் பூலோன் நகரத்துப் படை மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சாந்தர் பிளெமிங், ஆழமாகக் கிழிந்த புண்ணின் மூலைமுடுக்குகளுக்குக் கிருமிநாசினி எட்டுவதில்லை என்றும், அது உடலைக் காக்கும் வெள்ளணுக்களையே முதலில் அழிக்கிறது என்றும் காட்டினார். செத்த தசையையும் ஒட்டிய அழுக்கையும் கத்தியால் அரிந்து நீக்கி, புண்ணை உடனே தைக்காமல் விட்டுவைப்பதே அப்போரில் மருத்துவர் கற்ற பாடம். பெனிசிலினை அவர் கண்டறிந்தது அதன்பின், 1928இல்.

பெனிசிலினுக்குப் பின் வந்த ஆய்வுகளுள் 1974இல் பட்சாக்கிஸும் உடனாய்வாளரும் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெறாத திறந்த முறிவுகளில் 13.9 விழுக்காடு சீழ்பிடித்தன; செபலோத்தின் பெற்றவற்றில் 2.3 விழுக்காடே சீழ்பிடித்தன. 1976இல் பிலிப்பைன்சில் பிறந்த ரமோன் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்பவருடன் 1,025 திறந்த முறிவுகளை ஆராய்ந்து மூவகையாகப் பிரித்தார். இன்றும் மருத்துவர் பேசுவது அந்த வகைப்பாட்டைத்தான். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தாகவேண்டும் என்ற பழைய விதியின் வேர், 1898இல் பிரீட்ரிக் என்பவர் கினிப்பன்றிகளின் புண்ணில் தோட்ட மண்ணையும் மாடிப்படித் தூசியையும் இட்டுச் செய்த சோதனையில் இருக்கிறது! பிற்கால ஆய்வுகள் அந்த எல்லையை உறுதி செய்யவில்லை. மருந்தின் முதல் ஊசி விரைவில் ஏறுவதையே வலியுறுத்துகின்றன. புண்ணைக் கழுவச் சோப்புக் கரைசலைவிட வெறும் உப்புநீரே மேல் என்பதும், நீரைப் பீய்ச்சியடிக்கத் தேவையில்லை என்பதும், இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 2,447 நோயாளரிடம் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வின் முடிவு.

தமிழ் மண்ணின் பெரும்பங்கு கோயம்புத்தூரில் நிகழ்ந்தது. அங்குள்ள கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரனும் உடனாய்வாளரும், தோல், எலும்பு, தசைநார் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஒன்றுமுதல் ஐந்துவரை மதிப்பெண் இட்டு, நீரிழிவு போன்ற உடனோய்களுக்கு இவ்விரண்டு கூட்டும் முறையொன்றை வகுத்து 2006இல் வெளியிட்டனர். பதினான்கோ அதற்குக் குறைவோ ஆனால் காலைக் காக்கலாம். பதினேழும் மேலும் ஆனால் நீக்குவதே நோயாளிக்கு நன்று. மோட்டார்சைக்கிள் விபத்துகள் மலிந்த நாட்டில், மேலைநாட்டு அளவுகோல்கள் போதாமையால் பிறந்தது இது.

நம் சாலைகளும் அப்படிப்பட்டவையே. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். முழந்தாளுக்குக் கீழே முன்னெலும்பை மூடியிருப்பது மெல்லிய தோல் மட்டுமே. விழுந்தால் முதலில் வெளியே வருவது அதுதான். அந்நேரத்தில் காப்பித்தூளோ மஞ்சளோ அப்பாமல், தூய துணியால் மூடி, காலை அசைக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

மருத்துவமனையிலோ மொழிச் சிக்கல் காத்திருக்கிறது. செத்த தசையை அரிந்து நீக்கும் அறுவையை மலாயில் ‘சூச்சி லுக்கா’ என்பர். உறவினரும் அதை ‘புண்ணைக் கழுவப் போகிறார்கள்’ என்றே தமிழில் சொல்கின்றனர். கழுவுவதற்கு ஏன் மயக்க மருந்து, ஏன் கையொப்பம், ஏன் மூன்றாம் முறை என்று தாய் கேட்கிறாள். கங்கா அளவுகோலில் பதினைந்தும் பதினாறும் எந்தப் பக்கமும் சாராத எண்கள். அங்கே மருத்துவர் நோயாளியின் குடும்பத்தோடு பேசியே முடிவெடுக்கவேண்டும். ‘புண்ணரிந்து தூய்மை செய்தல்’ என்று சொல்லிப் பார்க்கிறோம், சற்று நீளம்தான். இதனினும் குறுகிய, தோட்டத்துப் பாட்டிக்கும் விளங்கும் சொல்லை அறிந்தவர் மன்றத்துக்கு எழுதுக.